முன்னவரின் எடைக்கு அமைந்த வண்டியை என் எடைக்கு மாற்றுவது எப்படி? (இன்டர்செப்டர் 650 சஸ்பென்ஷன்)

கேள்வி: ஏற்காடு_பயணி

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் வசிக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு, 31,000 கிலோமீட்டர் ஓடிய 2019-ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் ஒன்றை ஒரு நண்பரின் உறவினரிடமிருந்து வாங்கினேன். எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை, வண்டியை அவர் பொறுப்பாகவே வைத்திருந்தார். என் சிக்கல் முழுவதும் சஸ்பென்ஷனில்தான் இருக்கிறது. வண்டியைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அது என் உடலுக்குப் பொருந்தாத நிலையில் இருக்கிறது என்று தோன்றுவதால் உங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன்.

என் எடை 57 கிலோ. வண்டியை விற்றவர் என்னைவிட நன்கு பருமனானவர், பெரும்பாலும் மனைவியுடனும் இரண்டு பக்கப் பெட்டிகளுடனும் நெடும்பயணம் சென்று வந்தவர். நான் தனியாக ஓட்டும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் என்னை இருக்கையிலிருந்து தூக்கிவிடுகிறது. தார் ஒட்டுப் போட்ட சாலையில் சிறு மேடுகூட முதுகுத்தண்டில் தெரிகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கி வந்தால் அன்று மாலை இடுப்பு வலிக்கிறது. மலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் முன்பக்கம் ஆழமாகக் குனிகிறது, பின்சக்கரம் லேசாகிவிட்டதைப் போன்ற உணர்வு வருகிறது. வியப்பு என்னவென்றால், என் மனைவி பின்னால் அமர்ந்திருக்கும்போது இந்தத் தொல்லைகளில் பாதி காணாமல் போய்விடுகிறது.

நான் காட்டிய ஒரு பணிமனையில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு விலை உயர்ந்தவற்றைப் போட வேண்டும் என்றார்கள். இன்னொருவர், முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களில்) கெட்டியான ஆயில் ஊற்றினால் குனிவது நின்றுவிடும் என்றார். செலவு செய்வதற்கு முன், இருப்பதை வைத்தே சரிசெய்ய முடியுமா என்று அறிய விரும்புகிறேன். பின் ஷாக் அப்சார்பர்களின் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் இருக்கும் ஐந்து படி வளையம் தற்போது கடைசிப் படியில் இருக்கிறது. அதைக் குறைத்தால் ஸ்பிரிங் மென்மையாகிவிடுமா? குறைத்தால் வேகத்தடையில் அடிபடுமா? எந்தப் படி எனக்குச் சரி என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

மறுமொழி 1: அளவுகோல்

வணக்கம் நண்பரே. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மனைவி அமர்ந்தால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது வண்டி இரண்டு பேருக்கான நிலையில் இருக்கிறது, நீங்கள் ஒருவராக ஓட்டுகிறீர்கள். புதிய ஷாக் அப்சார்பரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஓர் அளவு நாடா, ஒரு துண்டு ஒட்டுநாடா, ஒரு பேனா, உதவிக்கு இருவர், அரை மணி நேரம் இவை போதும்.

முதலில் அந்தப் படி வளையத்தைப் பற்றி. அது மாற்றுவது ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை. ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பது நம்மிடையே மிகப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம். ஒரு மி.மீ. அமுக்க 2 கிலோ எடை தேவைப்படும் சாதாரண ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வளையத்தால் 10 மி.மீ. முன்னதாகவே அமுக்கி வைத்தால், முதல் 20 கிலோ வரை அது அசையாது. அதன் பிறகு அமுங்கும் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் முன்பு போலவே அதே 2 கிலோதான் வேண்டும். 30 கிலோவை அதன் மேல் வைத்தால், ப்ரீலோட் இல்லாதபோது 15 மி.மீ. இறங்கும், ப்ரீலோட் இருக்கும்போது 5 மி.மீ. இறங்கும். ஆகவே நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது மாறுவது ஸ்பிரிங்கின் கடினம் அன்று, உங்கள் எடையைத் தாங்கிக்கொண்டு வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே மாறுகிறது. சுருள் நெருக்கம் இடத்துக்கு இடம் மாறும் ஸ்பிரிங்குகளில் இந்தக் கணக்கு சற்று வேறுபடும் என்றாலும் அடிப்படை இதுதான்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் இவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று கேட்பீர்கள். சக்கரம் மேடுகளில் ஏறுவதற்கு மட்டும் சஸ்பென்ஷன் போதாது, பள்ளங்களில் இறங்கவும் அதற்கு இடம் வேண்டும். உங்கள் எடைக்கு வண்டி ஏறத்தாழ முழுமையாக நீண்ட நிலையிலேயே நிற்கிறது என்றால், சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமே இல்லை. வேகத்தடையைத் தாண்டியவுடன் ஷாக் அப்சார்பர் தான் நீளக்கூடிய எல்லையில் முட்டிக்கொள்கிறது, சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது, அந்தத் தூக்கல்தான் உங்களை இருக்கையிலிருந்து எழுப்புகிறது. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்: தடையின் மீது ஏறும்போது தூக்குகிறதா, தாண்டி இறங்கும்போதா?

இனி அளவு. எடையைத் தாங்கும்போது சஸ்பென்ஷன் இறங்கும் அளவை ஆங்கிலத்தில் ஸேக் என்பார்கள், அதை நான் அமிழ்வு என்று எழுதுகிறேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அச்சின் நடுவிலிருந்து செங்குத்தாக மேலே, இருக்கைக்குக் கீழே உள்ள அசையாத ஒரு பாகத்தில் ஒட்டுநாடாவால் குறியிட்டு, அந்த இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, யாரும் ஏறாமல் ஒருவர் நிமிர்த்திப் பிடித்திருக்க, மீண்டும் அளக்க வேண்டும். கடைசியாக, ஹெல்மெட், ஜாக்கெட், காலணி என வழக்கமாக அணிவதை எல்லாம் அணிந்து, ஓட்டும்போது உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து, கால்களைப் பெடலில் வைத்து அளக்க வேண்டும். முன்னால் நிற்பவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர் அளவெடுக்கட்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சீல்களிலும் புஷ்களிலும் உராய்வு இருப்பதால், வண்டியை அழுத்திவிட்டு மெதுவாக எழவிட்டால் ஓர் அளவும், தூக்கிவிட்டு மெதுவாக இறங்கவிட்டால் இன்னோர் அளவும் கிடைக்கும். இரண்டையும் எடுத்துச் சராசரியைக் கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிக அதிகமாக இருந்தால், எங்கோ ஒரு பாகம் இறுகியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் அளப்பதில் பயனில்லை.

முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வண்டியின் சொந்த எடைக்கான அமிழ்வும், முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஓட்டுபவருடன் சேர்ந்த அமிழ்வும் கிடைக்கும். உங்கள் வண்டியில் பின்சக்கரத்தின் மொத்த ஓட்டம், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம், 88 மி.மீ., முன்சக்கரத்துக்கு 110 மி.மீ. சாலையில் ஓட்டும் வண்டிக்கு, ஓட்டுபவருடன் சேர்ந்த அமிழ்வு மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. பின்னால் 22 முதல் 29 மி.மீ. வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் சொந்த எடைக்குப் பின்னால் 5 முதல் 10 மி.மீ. வரை இறங்கினால் போதும். அளந்துவிட்டு எண்களை இங்கே எழுதுங்கள். எந்தப் படி என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

மறுமொழி 2: பட்டறை_மூத்தவன்

அளவுகோல் நண்பர் சொன்னது அனைத்தும் சரி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டிகளில் கை வைப்பவன் என்ற முறையில், அளப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், ஏனெனில் சஸ்பென்ஷன் குறை என்று என்னிடம் வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் குறை வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் டயர் காற்று. இருவர் செல்வதற்கான காற்றழுத்தத்தையே எப்போதும் வைத்திருக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. கையேட்டில் தனியாக ஓட்டுவதற்கு ஓர் அளவும் பின்னால் ஆள் இருந்தால் வேறோர் அளவும் கொடுத்திருப்பார்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, நம்பகமான மானியால் பார்த்து, தனியாக ஓட்டும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தாலே சிறு மேடுகள் முதுகில் தெரியும்.

அடுத்து, இரண்டு ஷாக் அப்சார்பர்களும் ஒரே படியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடது பக்கம் மூன்றாவதிலும் வலது பக்கம் ஐந்தாவதிலும் வைத்துக்கொண்டு ஓடும் வண்டிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். புகைக்குழாய் சூடாக இருக்கும்போது ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு, மறுபக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். தினமும் வேலைக்குப் போகும் 100 சிசி வண்டிகளிலும் இதே ஐந்து படி வளையம்தான் இருக்கிறது, அவற்றிலும் இதே தவறு நடக்கிறது. வளையத்தைத் திருப்புவதற்கு முன் மண்ணையும் துருவையும் பிரஷ்ஷால் நீக்கி, சிறிது எண்ணெய் விட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டூல் கிட்டில் உள்ள சி-ஸ்பேனரால் திருப்புங்கள். சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துத் தட்டினால் வளையத்தின் பல் உடைந்துபோகும். ஷாக் அப்சார்பரின் உள்ளே அழுத்தத்துடன் வாயு அடைத்திருக்கும், ஆகவே எந்தக் காரணத்தைக் கொண்டும் அதைத் திறக்கவோ துளையிடவோ முயல வேண்டாம்.

மூன்றாவது, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) புஷ், ஷாக் அப்சார்பரின் மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ்கள், ஹேண்டில் தண்டின் பேரிங். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் கால்களின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். எங்காவது ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

முன் ஃபோர்க் ஆயிலைப் பற்றி. இந்த வண்டிக்கு 31,000 கிலோமீட்டரில் ஃபோர்க் ஆயில் மாற்றியதற்கான பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றுவது நல்லதுதான். ஆனால் கெட்டியான ஆயில் வேண்டாம், நிறுவனம் சொன்ன அதே தரத்தையே ஊற்றுங்கள். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சாதாரண ஃபோர்க்குகளில், ஆயில் ஒரு துளை வழியாகச் சென்று வருவதால்தான் டாம்பிங், அதாவது அசைவை மட்டுப்படுத்தும் எதிர்ப்பு, உண்டாகிறது. துளை வழியே போகும் ஆயிலின் எதிர்ப்பு, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாகத்தான் இறங்குகிறது, அப்போது கெட்டி ஆயில் கொஞ்சம் உதவும். ஆனால் கூர்மையான பள்ளத்து விளிம்பில் சக்கரம் மோதும்போது ஃபோர்க் மிக வேகமாக அமுங்க வேண்டும். அந்த நேரத்தில் கெட்டி ஆயில் சுவர் போல நின்று அடியை முழுவதும் மணிக்கட்டுக்குக் கொடுத்துவிடும். நான் மாற்றிக்கொடுத்த வண்டிகளில் சிலவற்றை, ஒரு மாதத்துக்குள் பழைய தரத்துக்கே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

மறுமொழி 3: தொண்ணூற்றாறு_கிலோ

நான் எடையில் உங்களுக்கு எதிர்முனையில் இருப்பவன் என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை கேடிஎம் 390 டியூக் பைக். அதில் முன்னும் பின்னும் 150 மி.மீ. ஓட்டம். முன் ஃபோர்க்கில் கம்ப்ரெஷனுக்கும் (அமுங்கும்போதான டாம்பிங்) ரீபவுண்டுக்கும் (திரும்பி நீளும்போதான டாம்பிங்) தனித்தனியே திருகும், ஒவ்வொன்றிலும் ஐந்து சொடுக்குகளும் உண்டு. இத்தனை திருகுகள் இருப்பது எனக்கு நன்மையாக அமையவில்லை, ஏனெனில் வாங்கிய புதிதில் எதையும் அளக்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பினேன்.

அப்போது நான் பின்பக்க ரீபவுண்டை முழுவதும் மூடிவைத்தேன். வளைவில் வண்டி ஆடாமல் இருக்கும் என்று எண்ணினேன். நல்ல சாலையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்து மேடுபள்ளம் வரும் சாலையில், ஸ்பிரிங் முதல் மேட்டிலிருந்து திரும்பி நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் சற்றுச் சற்றாக இறங்கிக்கொண்டே போகும், ஐந்தாவது ஆறாவது மேட்டில் அமுங்குவதற்கு இடமே இல்லாமல் கல் போல இடிக்கும். பலநாள் இதை ஸ்பிரிங் கடினமாக இருப்பதாகவே நினைத்தேன்.

பிறகு முறைப்படி அளந்தேன். என் எடைக்குப் பின்பக்கம் 52 மி.மீ. இறங்கியிருந்தது, மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ப்ரீலோடைக் கூட்டி 44 மி.மீட்டருக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் டாம்பிங்கைத் தொட்டேன். திருகை மெதுவாக முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை சொடுக்கு திறந்திருக்கிறது என்று எண்ணி எழுதிவைத்து, ஒரே சாலையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகை, ஒரு சொடுக்கு மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ரீபவுண்டைச் சோதிக்க எளிய வழி, நின்ற வண்டியின் இருக்கையைப் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுப்பது. அது ஒரே மூச்சில் எழுந்து நிலைகொள்ள வேண்டும். எழுந்து மீண்டும் துள்ளினால் ரீபவுண்ட் போதவில்லை, சோம்பலாக ஊர்ந்து எழுந்தால் அதிகமாகிவிட்டது.

உங்கள் வண்டியில் இந்தத் திருகுகள் இல்லை. ஆகவே உங்களுக்கு அளக்க வேண்டிய பொருள் ஒன்றுதான் இருக்கிறது, அதில் நீங்கள் குழம்ப வாய்ப்பும் குறைவு.

ஏற்காடு_பயணி

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை என் தம்பியையும் பக்கத்து வீட்டு நண்பரையும் துணைக்கு வைத்துக்கொண்டு அளந்தேன்.

முதலில் பட்டறை ஐயா சொன்னவற்றைப் பார்த்தேன். இரு பக்கமும் ஐந்தாம் படியில்தான் இருந்தன. டயர் காற்று பின்னால் 5 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தது. சக்கரத்திலும் தண்டிலும் ஆட்டம் இல்லை. ஃபோர்க் ஆயில் மாற்றியதாக எந்தப் பதிவும் இல்லை, முன்னவரிடம் கேட்டபோது மாற்றவில்லை என்று உறுதியாகவே சொன்னார்.

பின்பக்கம் முழுவதும் நீண்ட நிலையில் 531 மி.மீ. வண்டியின் சொந்த எடையில் அழுத்தி விட்டபோது 527, தூக்கி விட்டபோது 529, சராசரி 528. நான் அமர்ந்தபோது 516, 518, சராசரி 517. அதாவது சொந்த எடைக்கு 3 மி.மீ., என்னுடன் சேர்த்து 14 மி.மீ. பிறகு வளையத்தை இரண்டாம் படிக்குக் கொண்டுவந்து மீண்டும் அளந்தேன். சொந்த எடைக்கு 13, என்னுடன் 24. மூன்றாம் படியில் 10, 21. முன்பக்கம் சொந்த எடைக்கு 20, என்னுடன் 35.

எண்களைப் பார்த்தால் இரண்டாம் படிதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் சொந்த எடைக்கே 13 மி.மீ. இறங்குவது நீங்கள் சொன்ன 5 முதல் 10 வரை என்ற எல்லையைத் தாண்டுகிறதே, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளா? மேலும், நீங்கள் கேட்டபடி கவனித்தேன். தடையில் ஏறும்போது அவ்வளவாக இல்லை, தாண்டி இறங்கும்போதுதான் தூக்குகிறது.

அளவுகோல்

மிக நேர்த்தியாக அளந்திருக்கிறீர்கள். எழுதிய எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதிலிருந்தே அது தெரிகிறது. ஐந்தாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்தபோது சொந்த எடைக்கான அமிழ்வும் 10 மி.மீ. கூடியிருக்கிறது, உங்களுடன் சேர்ந்ததும் 10 மி.மீ. கூடியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள 11 மி.மீ. எந்தப் படியிலும் மாறவில்லை. ப்ரீலோட் ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதில்லை என்று நான் முன்பு எழுதியதை உங்கள் நாடாவே காட்டிவிட்டது.

ஐந்தாம் படியில் சக்கரம் கீழே இறங்குவதற்கு, நீங்கள் அமர்ந்த பிறகும் 14 மி.மீ. இடம் மட்டுமே இருந்தது. நம் ஊர் வேகத்தடைக்கு அது எந்த மூலைக்கு? அதனால்தான் இறங்கும்போது தூக்கியது.

இப்போது உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று கேட்டீர்கள். விடை அதற்கு நேர்மாறானது, முதலில் கேட்கும் எவரும் நம்பத் தயங்குவார்கள். ஓட்டுபவருடன் சேர்ந்த அமிழ்வைச் சரியாக வைத்த பிறகு, சொந்த எடைக்கான அமிழ்வு அதிகமாக இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்குச் சற்றுக் கடினமானது என்று பொருள். உங்கள் எடையை ஏற்றினால் அது 11 மி.மீ. மட்டுமே இறங்குகிறது, ஆகவே 24 என்ற மொத்தத்தை எட்ட, ப்ரீலோடைக் குறைத்துச் சொந்த எடையிலேயே 13 மி.மீ. இறங்கவிட வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் இதற்கு எதிராக நடக்கும்: பருமனான ஒருவர் ப்ரீலோடை மிகவும் இறுக்கினால்தான் மொத்தம் சரியாக வரும், அப்போது சொந்த எடைக்கு வண்டி சிறிதும் இறங்காமல் நிற்கும். இந்த வண்டியின் ஸ்பிரிங் இருவருடனும் சுமையுடனும் செல்லத் தக்கதாக அமைந்திருப்பது இயல்புதான். 57 கிலோ உள்ள ஒருவருக்கு அது கொஞ்சம் கூடுதல், பொறுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு இல்லை.

என் கருத்தில் மூன்றாம் படியில் தொடங்குங்கள். அங்கே 21 மி.மீ., மொத்த ஓட்டத்தில் கால் பங்குக்குச் சற்றே கீழ். சொந்த எடைக்கு 10, எல்லைக்குள் இருக்கிறது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு இரண்டாம் படிக்கு மாற்றிப் பாருங்கள். எது உடலுக்கு இதம் என்பதை அதன் பிறகு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முன்பக்கத்தைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. 110-இல் 35 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறது. உங்கள் எடைக்கு முன் ஸ்பிரிங் பொருத்தமானதே. பிரேக்கில் எவ்வளவு தூரம் குனிகிறது என்பதை ஸ்பிரிங்கும் ஃபோர்க்கின் உள்ளே ஆயிலுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் முடிவு செய்கின்றன. எவ்வளவு வேகமாகக் குனிகிறது என்பதை மட்டுமே ஆயிலின் டாம்பிங் முடிவு செய்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு முன் ஓரிரு நொடிகள் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது, கெட்டி ஆயில் ஊற்றினாலும் ஃபோர்க் சற்றுத் தாமதமாக அதே ஆழத்துக்குத்தான் போய்ச் சேரும். உங்களுக்குக் குனிவு பெரிதாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், பின்பக்கம் தேவைக்கு மேல் உயர்ந்து நின்றது. ஏறத்தாழ 1,400 மி.மீ. இடைவெளியில் இரண்டு சக்கரங்கள் இருக்கும் வண்டியில் பின்பக்கம் 10 மி.மீ. இறங்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வு அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். அதனால் வண்டி வளைவில் நுழைவது சிறிது நிதானமாகும், நேர்ச்சாலையில் உறுதி கூடும். முதல் நாள் ஹேண்டில் சற்றுக் கனமாக இருப்பதாகத் தோன்றலாம், அச்சப்பட வேண்டாம்.

மனைவியுடன் செல்லும்போது மறக்காமல் படியைக் கூட்டுங்கள். பின்னால் அமர்பவரின் எடை ஏறத்தாழ முழுவதும் பின்சக்கரத்தின் மீதே விழும். உயரம் மாறும்போது சங்கிலியின் தொய்வும் மாறும், ஏனெனில் முன் பற்சக்கரம், ஸ்விங்ஆர்மின் அச்சு, பின்சக்கரத்தின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் சங்கிலி மிகவும் இறுகும். தனியாக நிற்கும் வண்டியில் சங்கிலி இறுக்கமாக இருந்தால், இருவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது அது பேரிங்கை இழுத்துப் பாழாக்கும். கையேட்டில் உள்ள தொய்வை இப்போதே சரிபார்த்துவிடுங்கள். முகப்பு விளக்கின் ஒளியும் மேலே ஏறும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசாதவாறு அதையும் பாருங்கள்.

பட்டறை_மூத்தவன்

ஃபோர்க் ஆயில் மாற்றும்போது ஒரு சொல். பழைய ஆயிலை வடித்துவிட்டு, குறித்த மில்லிலிட்டர் அளவை அப்படியே ஊற்றி மூடிவிடுவது வழக்கம். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆயில் கணக்கில் வராததால் இரண்டு கால்களிலும் மட்டம் வேறுபடும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயிலின் மட்டம் எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று இரண்டு கால்களிலும் அளந்து சமமாக வைக்கச் சொல்லுங்கள். மட்டத்தைச் சில மி.மீ. உயர்த்தினால் காற்றுக்கான இடம் குறைந்து, ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் ஃபோர்க் விறைப்பாகும். அளவுக்கு மீறி உயர்த்தினால் சீல் பிதுங்கி ஆயில் கசியும். மேல் மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங் விசையுடன் வெளியே வரும், முன்பக்கத்தையும் ஜாக்கில் தாங்க வேண்டும். வீட்டில் செய்து பழக்கமில்லை என்றால் இதை மட்டும் பணிமனையிலேயே விடுங்கள், ஆனால் அளக்கும்போது அருகில் நின்று பாருங்கள்.

ஏற்காடு_பயணி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

டயர் காற்றைச் சரிசெய்து, மூன்றாம் படியில் ஒரு வாரமும் இரண்டாம் படியில் ஒரு வாரமும் ஓட்டினேன். இரண்டாம் படியில் நகரச் சாலை மிக இதமாக இருக்கிறது, ஆனால் ஏற்காட்டு வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும்போது சற்றுச் சோம்பலாகத் தோன்றியது. மூன்றாம் படியில் இரண்டும் நன்றாக இருப்பதால் அதிலேயே வைத்திருக்கிறேன். வேகத்தடையைத் தாண்டும்போது தூக்குவது நின்றுவிட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி இறங்கி வந்த பிறகு இடுப்பு வலி வரவில்லை.

ஃபோர்க் ஆயிலை அதே தரத்தில் மாற்றினோம். வெளியே வந்தது கறுத்துப்போய், அடியில் சாம்பல் நிற வண்டலுடன் இருந்தது. இரண்டு கால்களுக்கும் இடையே மட்டத்தில் 9 மி.மீ. வேறுபாடு இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன், சமமாக்கிவிட்டார்கள். பிரேக்கில் குனிவது இன்னும் இருக்கிறது, ஆனால் திடீரென்று விழுவதைப் போல இல்லை, பின்சக்கரம் லேசாகும் உணர்வும் போய்விட்டது.

மனைவியுடன் ஐந்தாம் படியில் அளந்தபோது 32 மி.மீ. வந்தது. மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம் என்றாலும், அதற்கு மேல் படி இல்லை, அடித்தட்டில் இதுவரை இடிக்கவும் இல்லை. இரண்டு வளையங்களிலும் மூன்றாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நேராக வெள்ளைப் பெயின்டால் சிறு குறி இட்டுவிட்டேன். வண்டி ஆறிய பிறகு திருப்ப இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு நிமிடம் ஆகிறது. அடுத்த மாதம் இருவரும் கொல்லிமலைக்குப் போவதாக இருக்கிறோம். 70 வளைவுகள், முதுகுப்பைகள் வேறு. புறப்படும் முன் அந்தச் சுமையுடன் ஒரு முறை அளந்துவிட்டு, எண்களை இங்கேயே எழுதுகிறேன்.